டிஸ்க் 100% ஓடுகிறது, வேகம் மட்டும் எங்கே போச்சு?

காரைக்குடியில் எனக்குப் பழக்கமான ஹார்டுவேர் கடை ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் ஹார்டுவேர் இல்லை. ஆணி, பெயிண்ட், பிவிசி பைப் விற்கிற கடை. ஒருநாள் மாலை அந்தக் கடை அண்ணன் போன் செய்தார். பில் போடும் கம்ப்யூட்டர் நகரவே மாட்டேன் என்கிறது, ஆட்கள் நிற்கிறார்கள், உடனே வா என்றார். போனபோது, கம்ப்யூட்டரில் எது எவ்வளவு ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு முறைத்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, டிஸ்க் 100-ன்னு காட்டுது. பக்கத்துலயே ஸ்பீடு 0.6 எம்.பி.-ன்னும் காட்டுது. ரெண்டுல ஏதோ ஒண்ணு பொய் சொல்லுது.”

ரெண்டுமே உண்மைதான். டிஸ்க் ஒரு நொடிகூட ஓய்வில்லாமல் உழைத்துக்கொண்டிருந்தது. உழைத்தும் நொடிக்கு அரை எம்.பி. சொச்சம்தான் கொண்டுவந்தது.

இந்த மாதிரி நேரத்தில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். வைரஸ் என்பார் ஒருவர், ராம் பத்தாது என்பார் இன்னொருவர், டிஸ்க் சாகப்போகிறது என்பார் மூன்றாமவர். எஸ்எஸ்டி, அதாவது சுற்றும் தட்டு இல்லாத டிஸ்க், போடு என்பவர் சொன்னது பலிக்கும். ஆனால் ஏன் பலிக்கிறது என்று கேட்டால் “அது ஸ்பீடுங்க” என்பதற்கு மேல் பதில் வராது. டிஸ்கிலிருந்து படிக்கும் வேலையை ஆபரேட்டிங் சிஸ்டம் எப்படிச் சேர்த்து, அடுக்கி, அனுப்புகிறது என்று தெரிந்தால் இந்தக் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். பள்ளத்தூரில் ஒரு கல்யாண வீட்டிலிருந்து ஆரம்பிக்கலாம்.

மிளகுக்கு ஒரு நடை, சீரகத்துக்கு ஒரு நடை

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். நடுவில் வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று நீண்டுகொண்டே போகும். எனக்குப் பன்னிரண்டு வயதில் அப்படி ஒரு வீட்டுக் கல்யாணத்தில் எடுபிடி வேலை கிடைத்தது. சமையல் பின்கட்டில். உக்கிராண அறை வளவை ஒட்டி. சாவிக்கொத்து ஆச்சியின் இடுப்பில்.

சமையல்காரரான தவசுப்பிள்ளை “மிளகு கொண்டா” என்றார். ஓடினேன். ஆச்சி எங்கே என்று தேடிப் பிடித்தேன். அவர் கொத்தில் சரியான சாவியைத் தடவி எடுத்து, பூட்டைத் திறந்து, டப்பாவிலிருந்து அள்ளிக் கொடுத்தார். அள்ளியது பத்து நொடி. போய்வந்தது ஐந்து நிமிடம். திரும்பி வந்து மூச்சு வாங்கவில்லை, “சீரகம்” என்றார். சீரக டப்பா மிளகு டப்பாவுக்கு அடுத்த டப்பா! மறுபடி ஓடினேன். மூன்றாவது முறை சோம்புக்குப் போய் நின்றபோது ஆச்சி பூட்டில் கை வைக்கவே இல்லை.

“இருடா. இன்னும் என்னென்ன வேணும்னு ஒட்டுக்காக் கேட்டுக்கிட்டு வா. நான் காலையிலேருந்து இந்தப் பூட்டைத் திறந்து திறந்து மூடவா?”

அந்த ஒரு மணி நேரத்தில் யாராவது என்னை அளந்திருந்தால், பையன் 100% வேலையில் இருந்தான் என்று எழுதியிருப்பார்கள். கொண்டுவந்த சரக்கோ ரெண்டு கை மிளகு, சீரகம். நேரத்தைத் தின்றது நடை. அள்ளுவதற்கு ஆன நேரம் ஒன்றுமே இல்லை.

தட்டும் கையும்

என் மேசையில் மூடி கழற்றிய பழைய ஹார்டு டிஸ்க் ஒன்று கிடக்கிறது. பார்க்க வருகிற பிள்ளைகள் எல்லாரும் முதலில் அதில் முகம் பார்ப்பார்கள்; அந்தத் தட்டு அவ்வளவு பளபளப்பு. தட்டின் ஓரத்தில் ஒரு மெல்லிய கை. கையின் நுனியில், படிக்கவும் எழுதவும் செய்கிற சின்னஞ்சிறு தலை. விரலால் தள்ளினால் கை வெளிவட்டத்திலிருந்து உள்வட்டத்துக்கு வழுக்கிக்கொண்டு போகும்.

ஒரு தகவலைப் படிக்க இரண்டு காத்திருப்புகள் உண்டு. முதலில் கை சரியான வட்டத்துக்கு நகர வேண்டும். சாதாரண மேசைக் கம்ப்யூட்டர் டிஸ்கில் இதற்குச் சராசரியாக 8 அல்லது 9 மில்லி நொடி ஆகும். மில்லி நொடி என்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அப்புறம், வேண்டிய இடம் சுற்றிக்கொண்டு தலைக்கு அடியில் வர வேண்டும். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் டிஸ்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி, சராசரியாகப் பாதிச் சுற்றுக் காத்திருப்பு என்றால் 4.2. இரண்டையும் கூட்டினால் ஒரு நடைக்கு ஏறத்தாழ 12.5 மில்லி நொடி. அதாவது நொடிக்கு 80 நடை. அதற்கு மேல் முடியாது.

ஒவ்வொரு நடையிலும் 4 கே.பி. மட்டும் கேட்டால் 80 பெருக்கல் 4, ஆக நொடிக்கு 320 கே.பி. கடை அண்ணன் பார்த்த 0.6 எம்.பி. இந்தக் கணக்குக்குப் பக்கத்து வீடு. அதே டிஸ்கில் கையை நகர்த்தாமல் ஒரே இடத்தில் வரிசையாகப் படித்துக்கொண்டே போனால் நொடிக்கு 150 எம்.பி. சுலபமாக வரும்.

இது புதிய தலைவலியும் இல்லை. 1956-ல் ஐபிஎம் வெளியிட்ட முதல் டிஸ்க் சேமிப்பகத்தில் 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள் இருந்தன. தட்டு மாற வேண்டுமானால் கை வெளியே வந்து, மேலேயோ கீழேயோ போய், அடுத்த தட்டுக்குள் நுழைய வேண்டும். ஒரு நடைக்குச் சராசரி 600 மில்லி நொடி! அதற்கு நம் ஆச்சி எவ்வளவோ மேல்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: சுற்றும் டிஸ்கில் விலை நடைக்குத்தான், சரக்குக்கு இல்லை. “100%” என்பது எவ்வளவு நேரம் வேலையில் இருந்தது என்பதைச் சொல்கிறது. எவ்வளவு கொண்டுவந்தது என்பது அதில் இல்லை.

நடுவில் நிற்கும் ஆள்

பில் போடும் மென்பொருள் நேரே டிஸ்கைத் தொடுவதில்லை. நடுவில் கெர்னல் நிற்கிறது. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கருப்பகுதி அது. மெமரி, டிஸ்க், நெட்வொர்க் எல்லாவற்றின் சாவிக்கொத்தும் அதன் இடுப்பில். புரோகிராம்கள் “இந்த இடத்திலிருந்து இவ்வளவு படித்துக் கொடு” என்று கேட்கும். அதற்குக் கோரிக்கை என்று பெயர் வைத்துக்கொள்வோம். கேட்டது ஏற்கனவே மெமரியில் இருந்தால் கெர்னல் அங்கிருந்தே எடுத்துக் கொடுத்துவிடும். இல்லாவிட்டால் கோரிக்கை டிஸ்கின் வரிசையில் போய் நிற்கும். இனிமேல் நான் சொல்லும் பெயர்களும் எண்களும் லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கெர்னலைச் சேர்ந்தவை; அதன் உள்ளே யாரும் எட்டிப் பார்க்கலாம் என்பதுதான் காரணம். விண்டோஸில் விவரங்கள் வேறுபடலாம்; நடையைக் குறைக்க வேண்டும் என்ற நோக்கம் அங்கேயும் இதுவே.

வரிசையில் நிற்கும் கோரிக்கைகளைக் கெர்னல் முதலில் ஒட்டிப் பார்க்கும். 1,000-வது இடத்திலிருந்து 8 துண்டு ஒருவருக்கு வேண்டும், 1,008-வது இடத்திலிருந்து 8 துண்டு இன்னொன்றாக வந்திருக்கிறது என்றால், இரண்டும் சேர்ந்து 1,000-லிருந்து 16 துண்டு என்று ஒரே கோரிக்கையாகிவிடும். மிளகும் சீரகமும் அடுத்தடுத்த டப்பா என்று கண்டுபிடிப்பது போல. இதற்கு மெர்ஜிங் என்று பெயர். எவ்வளவு வேண்டுமானாலும் ஒட்டிக்கொண்டே போக முடியாது. பையன் தூக்கும் கூடைக்கு ஒரு அளவு இருப்பது போல, ஒரு கோரிக்கைக்கும் உச்சவரம்பு உண்டு.

இதில் என்ன பெரிய லாபம் என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. 1 எம்.பி. கோப்பு என்பது 4 கே.பி. அளவில் 256 துண்டு. அவை டிஸ்க் முழுக்கச் சிதறிக் கிடந்து, ஒவ்வொன்றுக்கும் தனி நடை போனால் 256 பெருக்கல் 12.5, ஆக 3,200 மில்லி நொடி, மூன்று நொடிக்கு மேல். ஒரே இடத்தில் அடுத்தடுத்து இருந்து, ஒரே கோரிக்கையாக ஒட்டிப் போனால் ஒரு நடைக்கு 12.5, படிக்க 7, மொத்தம் 20 மில்லி நொடிக்குள் வேலை முடிந்துவிடும். நூற்று அறுபது மடங்கு வித்தியாசம். டிஸ்க் மாறவில்லை, கேட்ட விதம்தான் மாறியது.

கோட்டையூர் வழியாக ஒரு வேன்

ஒட்ட முடியாத கோரிக்கைகளும் நிறைய இருக்கும். ஒன்று டிஸ்கின் இந்த மூலையில், ஒன்று அந்த மூலையில். அவற்றை எந்த வரிசையில் அனுப்புவது?

காரைக்குடியிலிருந்து வடக்கே போகும் பாதையில் கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் வரிசையாக வரும். கடை வேனில் மூன்று டெலிவரி. ஆர்டர் வந்த வரிசை: கானாடுகாத்தான், கோட்டையூர், பள்ளத்தூர். வந்த வரிசையிலேயே கொடுப்பேன் என்று டிரைவர் அடம்பிடித்தால், முதலில் மூன்று ஊர்த் தூரம் போய்க் கானாடுகாத்தான், திரும்பி இரண்டு ஊர் வந்து கோட்டையூர், மறுபடி ஒரு ஊர் மேலே பள்ளத்தூர். மொத்தம் ஆறு ஊர்த் தூரம். போகிற வழியில் இறக்கிக்கொண்டே போனால் மூன்று. எந்த டிரைவரும் இதற்குப் படிக்கப் போகத் தேவையில்லை.

கெர்னலும் இதைத்தான் செய்கிறது. கோரிக்கைகளை இட எண் வரிசையில் அடுக்கி, கை ஒரு பக்கமாகப் போகும்போதே வழியில் இருப்பதையெல்லாம் முடிக்கிறது. மாடி லிஃப்ட் மேலே போகும்போது வழியில் உள்ள மாடிகளில் எல்லாம் நின்று போவது போல் இருப்பதால் லிஃப்ட் முறை என்பார்கள். இப்படி அடுக்கும் பகுதிக்கு ஷெட்யூலர் என்று பெயர்.

சரி, எப்போதும் பக்கத்தில் இருப்பதையே முதலில் முடித்தால் இன்னும் லாபம்தானே? அங்கேதான் வம்பு. கோட்டையூரிலிருந்தே ஆர்டர் வந்துகொண்டே இருந்தால் வேன் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். கானாடுகாத்தான் ஆச்சி சாயங்காலம் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதனால் லினக்ஸின் டெட்லைன் ஷெட்யூலர் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு கெடு வைக்கிறது. வழக்கமான அமைப்பில் படிக்கும் கோரிக்கைக்கு அரை நொடி, எழுதும் கோரிக்கைக்கு 5 நொடி. கெடு தாண்டியது எதுவென்று பார்த்து, வழியை முறித்துக்கொண்டாவது அதைக் கவனிக்கும்.

படிப்பதற்கும் எழுதுவதற்கும் பத்து மடங்கு வித்தியாசம் ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான இடம். ஒரு புரோகிராம் எழுதச் சொன்னால் கெர்னல் அதை மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு “ஆச்சு, நீ போ” என்று அனுப்பிவிடலாம். டிஸ்குக்கு அப்புறம் கொண்டுபோனால் போதும். படிக்கச் சொன்ன புரோகிராம் அப்படிப் போக முடியாது. சரக்கு கைக்கு வரும் வரை வாசலிலேயே நிற்கும்.

சேர்ப்பதற்கு ஒன்றுமே இல்லாவிட்டால்?

வாசலில் நிற்கும் ஆள் அடுத்து எது வேண்டும் என்று இன்னும் சொல்லவே இல்லை. மிளகு வந்தால்தான் சீரகம் ஞாபகத்துக்கு வரும் தவசுப்பிள்ளை மாதிரி, ஒன்றைப் படித்து முடித்தபின்தான் அடுத்ததைக் கேட்கும் புரோகிராம்கள் ஏராளம். வரிசையில் எப்போதும் அதன் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான் நிற்கும். ஒன்றை எதனோடு ஒட்டுவது, எப்படி அடுக்குவது? கெர்னல் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் கேட்காததைச் சேர்க்க முடியாது. பலரும் தவறவிடும் விஷயம் இது. கெர்னல் என்னவோ மந்திரம் போட்டு எல்லாவற்றையும் சேர்த்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

இதற்குக் கெர்னல் கண்டுபிடித்த வழிகளில் மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, கேட்டு முடிக்கும் வரை அடைத்து வைப்பது. மழை பெய்யும்போது வளவு முற்றத்தில் தண்ணீர் போகும் துவாரத்தைத் துணியால் அடைத்துவிட்டு, கணுக்கால் அளவு நிறைந்ததும் பிடுங்கி, தண்ணீர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுச் சிரித்த பிள்ளைகளுக்கு இது உடனே புரியும். ஒரே மூச்சில் பல கோரிக்கைகள் வரப்போகின்றன என்று தெரிந்தால், கெர்னல் அவற்றை டிஸ்க் வரிசைக்கு விடாமல் அந்த புரோகிராமுக்கென்று ஒரு சின்னப் பட்டியலில் தேக்கி வைக்கும். அங்கேயே ஒட்டும். கேட்டு முடிந்ததும் அடைப்பைப் பிடுங்கி மொத்தமாக விடும். பெயரே பிளக்கிங், அடைப்பு. 2011-ல் வந்த லினக்ஸ் 2.6.39 பதிப்பில், கெர்னலின் டிஸ்க் பகுதியைப் பராமரிக்கும் ஜென்ஸ் ஆக்ஸ்போ இதை ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனி அடைப்பு என்று மாற்றி அமைத்தார்.

“சேர்த்து அனுப்புவதற்காகக் கெர்னல் வேண்டுமென்றே தாமதிக்கிறது, அதனால்தான் ஸ்லோ” என்று சிலர் சொல்வது இங்கிருந்து பிறந்த புரளி. கெர்னல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. கேட்பவர் கேட்டு முடிக்கும் வரைதான் அடைப்பு. நடுவில் அந்த புரோகிராம் எதற்காவது காத்திருந்து தூங்கப் போனால், போகும்போதே அடைப்பு தானாகத் திறந்துவிடும். அப்படித் திறக்காவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? சாமான் பட்டியலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே பையன் “சாமான் இன்னும் வரலையே” என்று வாசலில் நிற்பான்.

இரண்டாவது, கேட்பதற்கு முன்பே எடுத்து வைப்பது. ஒரு கோப்பை முதலிலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டு வருகிறார்கள் என்று தெரிந்தால், அடுத்த பகுதியையும் கெர்னல் சேர்த்தே எடுத்து மெமரியில் வைத்துவிடும். பெயர் ரீட்-அஹெட். லினக்ஸில் வழக்கமான அளவு 128 கே.பி., அதாவது 32 துண்டு ஒரே நடையில். மிளகு கேட்டால் சீரகமும் கேட்பார் என்று தெரிந்த பையன் இரண்டையும் கொண்டுவருவது போல. ஊகம் தவறினால் தூக்கிய சுமை வீண். பில் மென்பொருள் மாதிரி இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று தாவிப் படிக்கும் புரோகிராமிடம் இந்த வித்தை அவ்வளவாகச் செல்லாது.

மூன்றாவது வித்தையைச் செய்த பழைய ஷெட்யூலர் இப்போது இல்லை, ஆனாலும் அந்த வித்தை எனக்கு மிகவும் பிடித்தது. பந்தியில் கும்மாயம் என்ற இனிப்பைப் பரிமாறுகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? இலையில் வைத்த கையோடு அடுத்த இலைக்கு ஓடமாட்டார். ஒரு கணம் நிற்பார். நீங்கள் தலையாட்டினால் இன்னும் ஒரு கரண்டி. ஓடிப்போய்விட்டு நீங்கள் கூப்பிட்டபின் திரும்பி வருவதைவிட அந்தக் கணம் நிற்பது லாபம். படித்துக் கொடுத்தபின் கையை உடனே வேறு பக்கம் நகர்த்தாமல், அதே புரோகிராம் பக்கத்து இடத்தைக் கேட்குமா என்று சில மில்லி நொடி சும்மா நிற்கும் ஷெட்யூலர் ஒன்று லினக்ஸ் 2.6-ல் இருந்தது. சும்மா நின்று வேகத்தைக் கூட்டியது! 2010-ல் 2.6.33 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். அந்த வேலையைச் செய்ய அதற்குள் வேறு ஷெட்யூலர் வந்துவிட்டது.

சுருக்கமாக: ஒட்டுவதும் அடுக்குவதும் வரிசையில் ஆள் இருந்தால்தான் நடக்கும். ஆள் இல்லாதபோது அடைத்து வைத்தோ, ஊகித்தோ, ஒரு கணம் நின்றோ கெர்னல் ஆள் சேர்க்கிறது.

எஸ்எஸ்டி வந்தபின்

எஸ்எஸ்டியில் தட்டும் இல்லை, கையும் இல்லை. மெமரி சில்லுகள் மட்டுமே. ஒரு நடைக்கு 12 மில்லி நொடி என்பது போய் அதில் நூறில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. கோட்டையூர் வேன் கதை அத்தோடு முடிந்தது. எந்த ஊருக்கு முதலில் போனாலும் ஒரே தூரம்தான். அதனால்தான் என்விஎம்ஈ என்ற புதிய இணைப்பு வழியில் வரும் வேகமான எஸ்எஸ்டிகளுக்கு லினக்ஸ் பெரும்பாலும் ஷெட்யூலரே வேண்டாம் என்று விட்டுவிடுகிறது.

ஆனால் சேர்த்து அனுப்புவது முடியவில்லை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் கட்டளை எழுதி அனுப்ப வேண்டும், முடிந்தது என்று டிஸ்க் சொன்னால் பிராசசர் கையிலுள்ள வேலையை விட்டுவிட்டுக் கேட்க வேண்டும். நொடிக்கு 80 கோரிக்கை என்றால் இது பொருட்டில்லை. லட்சக்கணக்கில் என்றால் அதுவே சுமை. அப்புறம், எஸ்எஸ்டிக்குள் பல சில்லுகள் ஒரே நேரத்தில் வேலை செய்யும். நீளமான கோட்டை அடுப்பில் ஒரே ஒரு சட்டியை ஏற்றிவிட்டு, அது இறங்கியபின் அடுத்ததை ஏற்றினால் மீதி நெருப்பெல்லாம் வீண். பல கோரிக்கைகளைச் சேர்த்து ஒரே சமயத்தில் கொடுத்தால்தான் எஸ்எஸ்டி தன் முழு வேகத்தைக் காட்டும். டிஸ்கை இணைக்கும் பழைய சாட்டா வழியில் ஒரு சமயத்தில் 32 கட்டளைதான் வரிசையில் நிற்கலாம். என்விஎம்ஈ-யில் ஒரு வரிசைக்கே 65,536 வரை இடம். அப்படி ஆயிரக்கணக்கான வரிசைகள் வைத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது.

மறுபடி கடைக்கு

அண்ணன் கடையில் நடந்தது இதுதான். மாலை ஆறரைக்கு பேக்கப் தானாக ஓடும்படி யாரோ வைத்திருந்தார்கள். ஆன்டிவைரஸின் முழு ஸ்கேனும் அதே நேரம். ஸ்கேன் டிஸ்கில் உள்ள சின்னச் சின்னக் கோப்பு ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்கிறது. பேக்கப் இன்னொரு மூலையில் படித்து வேறொரு மூலையில் எழுதுகிறது. நடுவில் பில் மென்பொருள் ஒவ்வொரு துண்டாகக் கேட்டு நிற்கிறது. மூவரும் மூன்று ஊர், ஒரே வேன். கடை நிறைய ஆட்கள் நிற்கும் நேரமும் அதுவே.

ஸ்கேனை அப்போதைக்கு நிறுத்தினேன். பில் ஓட ஆரம்பித்தது. பேக்கப்பைக் கடை சாத்தியிருக்கும் மதியம் இரண்டு மணிக்கும், ஸ்கேனை ஞாயிற்றுக்கிழமைக்கும் மாற்றினேன். சிதறிக் கிடக்கும் கோப்புகளைத் தனித்தனியாக எடுக்காமல், ஒரே பெரிய டேட்டா கோப்பை முதலிலிருந்து கடைசி வரை நகலெடுக்கும்படி பேக்கப்பையும் கொஞ்சம் திருத்தினேன். எஸ்எஸ்டி வாங்கச் சொல்லி எழுதியும் கொடுத்தேன். தீபாவளி முடியட்டும் என்றார்.

மறுநாள் மதியம் இரண்டே காலுக்கு போன். சாப்பிட்டுக்கொண்டே டாஸ்க் மேனேஜரைப் பார்த்திருக்கிறார்.

“தம்பி, இப்பவும் 100-தானே காட்டுது?”

“பக்கத்துல ஸ்பீடு என்னண்ணே போட்டிருக்கு?”

மோர் குடிக்கிற சத்தம். “எண்பத்தஞ்சு எம்.பி.”

“அப்பன்னா 100 காட்டட்டும்ணே, நீங்க சாப்பிடுங்க.”